கார் நம்பரைக் குறித்துக்கொள்ளும் கம்பம்!

அன்று ஞாயிற்றுக்கிழமை. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் அரோரா என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெண் ஒருவர் விடுமுறை நாள் ஆயிற்றே என்று காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். காருக்குள் அவருடைய 6 வயது மகள். 12 வயதுத் தங்கை. உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு 14 வயது. இன்னொருத்திக்கு 17 வயது.

நகத்துக்குச் சாயம் தீட்டும் கடைக்குப் போகிறார்கள். குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்!

கடை பூட்டிக் கிடந்தது. வேறு கடை எங்கே இருக்கிறது என்று காருக்குள் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

திடீர் என்று பின்னால் போலீசார் வந்து நின்றார்கள். கையில் துப்பாக்கி!

"இறங்கு! கையை வெளியே நீட்டு!"

தாய் இறங்கினார். குழந்தைகளும் இறங்கினார்கள். எல்லோரையும் தார் போட்ட தரையில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். ஆகஸ்டு மாத வெயிலில் தரை கொதித்தது. தாய்க்குக் கைவிலங்கு மாட்டினார்கள். 12 வயதுச் சிறுமிக்கும், 17 வயதுப் பெண்ணுக்கும் கூட விலங்கு! குழந்தைகள் "அம்மா, அம்மா" என்று கதறியதை வழியில் நின்ற ஒருவர் படம் பிடித்தார். அந்தப் படம் உலகம் முழுவதும் ஓடியது.

அவர்கள் செய்த குற்றம்தான் என்ன?

ஒன்றும் இல்லை. அந்தக் காரின் நம்பரும், எங்கோ மொன்டானா மாநிலத்தில் திருட்டுப் போன ஒரு மோட்டார் சைக்கிளின் நம்பரும் ஒன்று. அவ்வளவுதான். நம்பர் படிக்கும் எந்திரம், "திருட்டு வண்டி" என்று மணி அடித்துவிட்டது. மாநிலம் வேறு. வண்டி வேறு. இரண்டு சக்கரம் எங்கே, நாலு சக்கரம் எங்கே? அதை எந்திரம் பார்க்கவில்லை. துப்பாக்கியை எடுத்த மனிதர்களும் பார்க்கவில்லை. அதுதான் கொடுமை.

போலீஸ் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அந்தக் குடும்பம் வழக்குப் போட்டது. 2024-ம் ஆண்டு நகரசபை 19 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. நம் கணக்கில் 15 கோடி ரூபாய்க்கு மேல்!

எந்திரம் எப்படிப் படிக்கிறது?

இந்தக் காமிரா சாலை ஓரத்தில் ஒரு கம்பத்தில் இருக்கும். பாலத்தின் மேலும் இருக்கும். போலீஸ் காரின் கூரையிலும் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது வண்டியின் மேல் வீசும். நம்பர் பலகையில் பூசிய பூச்சு அந்த ஒளியைப் பளிச் என்று திருப்பி அனுப்பும். அதனால் நள்ளிரவில் கூட நம்பர் தெளிவாக விழும்.

பிறகு கம்ப்யூட்டரின் வேலை. படத்தில் நீள்சதுரமாக இருக்கும் பலகையைத் தேடும். அதில் உள்ள எழுத்துக்களைத் தனித்தனியாக வெட்டும். "இது ஏ மாதிரி இருக்கிறது, இது 5 மாதிரி இருக்கிறது" என்று ஒப்பிட்டுச் சொல்லும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும்!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்திரம் நம்மைப் போல் எழுத்தைப் படிப்பது இல்லை. ஊகித்துச் சொல்கிறது. பலகையில் சேறு இருந்தால் ஊகம் தப்பும். வெளிச்சம் சரியாக விழாவிட்டாலும் தப்பும்.

2009-ம் ஆண்டு மார்ச்சு மாதம் சான்பிரான்சிஸ்கோ நகரில் அப்படித்தான் தப்பியது. இரவு நேரம். நகர பஸ் ஓட்டும் ஒரு பெண் தன் காரில் போய்க்கொண்டு இருந்தார். வயது 47. காமிரா அவருடைய கார் நம்பரில் இருந்த 3-ஐ, 7 என்று படித்தது. 7 உள்ள நம்பர், திருட்டுப் போன ஒரு லாரியின் நம்பர்! போலீசார் அந்த அம்மாளைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி, மண்டியிடச் செய்து, விலங்கு மாட்டினார்கள். தேடப்பட்டது சாம்பல் நிற லாரி. அந்த அம்மாள் ஓட்டியது கருஞ்சிவப்புக் கார். நம்பரை ஒரு தடவை கண்ணால் பார்த்து இருந்தால் போதும்.

கீழ்க்கோர்ட்டு வழக்கைத் தள்ளியது. அந்தப் பெண் விடவில்லை. 2014-ல் மேல்கோர்ட்டு, "இதை விசாரித்தே ஆகவேண்டும்" என்று தீர்ப்புக் கூறியது. பிறகு நகரசபை 4 லட்சத்து 95 ஆயிரம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது.

பிறந்தது இங்கிலாந்தில்

இந்தக் காமிரா அமெரிக்காவில் பிறந்தது அல்ல. 1976-ம் ஆண்டு இங்கிலாந்தில், போலீஸ் விஞ்ஞானப் பிரிவில் பிறந்தது. 1981-ல் திருட்டுக் கார் ஒன்றை முதன் முதலாகப் பிடித்துக் கொடுத்தது.

1990-ம் ஆண்டுகளில் லண்டனில் அயர்லாந்து தீவிரவாதிகள் குண்டு வைத்தார்கள். 1993-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிஷப்ஸ்கேட் வீதியில் ஒரு லாரி வெடித்தது. பெரிய கட்டிடங்கள் நொறுங்கின. அதன் பிறகு பாங்கிகள் நிறைந்த பழைய லண்டன் பகுதியைச் சுற்றிப் போலீசார் வேலி போட்டார்கள். அதற்கு "இரும்பு வளையம்" என்று பெயர். 1997-ல் அந்த வளையத்தில் நம்பர் படிக்கும் காமிராக்கள் வந்தன.

இந்தக் காமிராவால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அது பொய்.

2005-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் பிரயாண ஏஜென்சி ஒன்றில் கொள்ளைக்காரர்கள் புகுந்தார்கள். மணி அடித்தது. ஷாரன் பெஷனிவ்ஸ்கி என்ற பெண் போலீஸ்காரர் ஓடி வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. வாசலிலேயே அவரைச் சுட்டுவிட்டார்கள். அவருடைய கடைசி மகளுக்கு அன்று பிறந்த நாள். நாலு வயது. வீட்டில் குழந்தை தாய்க்காகக் காத்துக்கொண்டு இருந்தது. தாய் வரவே இல்லை.

கொலைகாரர்களின் காரை நகரக் காமிராக்கள் குறித்து வைத்து இருந்தன. கார் லண்டனை நோக்கிப் போனதை அவை காட்டின. அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் போலீசார் ஆட்களைப் பிடித்தார்கள்.

எந்தப் போலீஸ் அதிகாரியிடம் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்வார். சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

பிறகு ஏன் மக்கள் பயப்படுகிறார்கள்?

மறக்காத பாட்டி

கிராமத்தில் தெருக்கோடித் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்து இருப்பாள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்து இருக்கிறார், எல்லாம் அவளுக்குத் தெரியும். அதை யாரும் குற்றம் என்று சொல்வது இல்லை. பாட்டி பார்ப்பாள். பேசுவாள். நாலு நாளில் மறந்தும்விடுவாள். போன வருடம் ஆடி மாதம் 12-ந் தேதி, பகல் 3 மணி 14 நிமிடத்துக்கு நீங்கள் எங்கே போனீர்கள் என்று கேட்டால், அவளுக்குத் தெரியாது.

காமிராவுக்குத் தெரியும்!

அதுதான் வித்தியாசம். திருட்டு வண்டி போனால் மணி அடிக்கட்டும். அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திருடாதவர் வண்டியையும் அது குறித்துக்கொள்கிறது. நம்பர், இடம், தேதி, மணி, நிமிடம். இங்கிலாந்தில் இப்படி நாள் ஒன்றுக்கு 6 கோடி தடவைக்கு மேல் வண்டி நம்பர்கள் பதிவு ஆகின்றன. அங்கே மொத்த ஜனத்தொகையே 7 கோடிக்கு உள்பட்டதுதான். பதிவு செய்ததை 12 மாதம் வரை வைத்து இருக்கிறார்கள்.

"நம்பர் பலகை தெருவில் எல்லோரும் பார்க்கத் தொங்குவதுதானே? அதில் என்ன ரகசியம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை பார்த்தால் ரகசியம் இல்லைதான். ஒரு வருடப் பதிவை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். நீங்கள் எந்த டாக்டரிடம் போகிறீர்கள், எந்தக் கோவிலுக்கு, எந்த மசூதிக்குப் போகிறீர்கள், எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனீர்கள், இரவு யார் வீட்டு வாசலில் வண்டி நின்றது, எல்லாம் வெட்டவெளிச்சம்!

பிரைட்டன் நகரில் ஒரு முதியவர் இருந்தார். வயது 80. ஆயுதத் தொழிற்சாலைக்கு எதிராக நடக்கும் கூட்டங்களுக்குப் போவார். போய் என்ன செய்வார்? கோஷம் போடுபவர்களை உட்கார்ந்து படம் வரைவார். அவர் மேல் எந்தக் குற்றமும் கிடையாது. ஆனாலும் அவருடைய வண்டி நம்பரைப் போலீசார் பட்டியலில் சேர்த்து இருந்தார்கள். 2005-ல் அவர் மகளுடன் லண்டனுக்குப் போனபோது காமிரா மணி அடித்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கிழவரை நிறுத்திச் சோதனை போட்டார்கள்!

கிழவர் சும்மா இருக்கவில்லை. தன்னைப் பற்றிப் போலீசார் எழுதி வைத்த குறிப்புகளை அழிக்க வேண்டும் என்று கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார். 2019-ம் ஆண்டு ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புக் கூறியது. அப்போது அவருக்கு 94 வயது.

218 காமிரா

பெரிய கலகம் நடந்தது பர்மிங்ஹாம் நகரில்.

அங்கே ஸ்பார்க்புரூக் என்றும், வாஷ்வுட்ஹீத் என்றும் இரண்டு பேட்டைகள். பாகிஸ்தானில் இருந்து போன குடும்பங்கள் நிறைய வசிக்கும் இடம். ஸ்பார்க்புரூக் பக்கம் போனால் மசாலா மணக்கும். சின்ன இரும்புச் சட்டியில் சுடச்சுடக் கறி பரிமாறும் ஓட்டல்கள் அங்கே பிரசித்தம். வெள்ளைக்காரர்கள் கூடத் தேடி வந்து சாப்பிடுவார்கள்.

2010-ம் ஆண்டு அந்தப் பேட்டைகளில் திடீர் திடீர் என்று கம்பங்கள் முளைத்தன. ஒன்று, இரண்டு அல்ல. மொத்தம் 218 காமிராக்கள்! பெரும்பாலும் நம்பர் படிக்கும் காமிராக்கள். பேட்டைக்குள் வரும் வழி, போகும் வழி எல்லாவற்றிலும் வைத்தார்கள். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தாலும் பதிவில் விழாமல் முடியாது.

அது மட்டும் அல்ல. 218-ல் 72 காமிராக்களை வெளியில் தெரியாதபடி மறைத்து வைப்பது என்று ஏற்பாடு.

"எதற்கு இத்தனை காமிரா?" என்று ஜனங்கள் கேட்டார்கள். "கார் திருட்டைத் தடுக்க, போதை மருந்து விற்பவர்களைப் பிடிக்க, உங்கள் நன்மைக்குத்தான்" என்று பதில் வந்தது. நகரசபை உறுப்பினர்களுக்கும் அதையே சொன்னார்கள்.

சிலருக்குச் சந்தேகம் தட்டியது. மற்றப் பேட்டைகளில் கார் திருட்டு இல்லையா? இங்கே மட்டும் ஏன்? பணம் எங்கே இருந்து வந்தது?

துருவித் துருவிக் கேட்டபோது உண்மை வெளிப்பட்டது. 30 லட்சம் பவுன் செலவு. அந்தப் பணம் கார் திருட்டைத் தடுக்க ஒதுக்கிய பணம் அல்ல. பயங்கரவாதத்தை எதிர்க்க ஒதுக்கிய பணம்!

ஜூன் மாதம் பத்திரிகைகளில் செய்தி வந்தது. பேட்டை கொதித்தது. கூட்டம் போட்டார்கள். "அடுத்த வீட்டுக்காரனைப் பிடிக்க என் வீட்டு வாசலில் கண் வைப்பதா? நாங்கள் எல்லோருமே சந்தேகப் பேர்வழிகளா?" என்று கேட்டார்கள். முஸ்லிம்கள் மட்டும் அல்ல, அங்கே வசிக்கும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வழக்குப் போடுவோம் என்று லிபர்டி என்ற உரிமைச் சங்கம் எச்சரித்தது.

போலீசாருக்கும் ஒரு காரணம் இருந்தது. 2007-ம் ஆண்டு பர்மிங்ஹாமில், ஒரு ராணுவ வீரரைக் கடத்திக்கொண்டு போய்க் கொல்லத் திட்டம் போட்டதாகச் சிலர் பிடிபட்டார்கள். பயம் பொய் அல்ல. ஆனால் பயத்தைச் சொல்லிக் கேட்டு இருந்தால், ஊரே உதவிக்கு வந்து இருக்கலாம். கார் திருட்டு என்று பொய்க் காரணம் சொன்னதுதான் வினை ஆயிற்று. தகப்பன் மகனிடம் சொல்லுவது போல, தெரிந்ததைப் போலீசிடம் சொல்லிக்கொண்டு இருந்தவர்கள் கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

காமிராக்களின் தலையில் பிளாஸ்டிக் பை கட்டினார்கள். "இவை வேலை செய்யவில்லை, பாருங்கள்" என்று காட்டுவதற்காக! முப்பது லட்சம் பவுன் காமிராவுக்கு, காய்கறிக்குப் போடுவது போல் ஒரு பை.

வேறு மாவட்டப் போலீஸ் தலைவரான சாரா தார்ன்டன் என்ற பெண் அதிகாரியை விசாரிக்கச் சொன்னார்கள். அவர் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. சட்டத்தைப் பற்றி யாரும் சரியாக யோசிக்கவே இல்லை, ஜனங்களின் நம்பிக்கை கெட்டுப்போயிற்று என்று எழுதிக் கொடுத்தார். பர்மிங்ஹாம் பகுதிப் போலீஸ் தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2011-ல் கம்பங்களைப் பிடுங்கினார்கள். அந்தக் காமிராக்கள் ஒரு நாள் கூட வேலை செய்யவில்லை. நடுவதற்கு ஒரு செலவு. பிடுங்குவதற்கு ஒரு செலவு!

அப்புறமும் பாடம் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ராய்ஸ்டன் என்ற சின்ன ஊரில், ஊருக்குள் வரும் வழி எல்லாவற்றிலும் காமிரா வைத்தார்கள். 2013-ம் ஆண்டு, தகவல் பாதுகாப்புக் கமிஷனர் அது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டார்.

போலீஸ் தலைவரின் காதல்

எந்திரத்தின் தவறு ஒரு பக்கம் இருக்கட்டும். எந்திரத்தை வைத்து இருக்கும் மனிதன் தவறு செய்தால்?

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் செட்ஜ்விக் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் போலீஸ் தலைவருக்கு ஒரு காதலி இருந்தாள். காதல் முறிந்தது. அவள் வேறு ஒருவருடன் பழகினாள். தலைவருக்குத் தூக்கம் வரவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து, அவளுடைய கார் எங்கே போகிறது, அவனுடைய கார் எங்கே போகிறது என்று தட்டித் தட்டிப் பார்த்தார். எத்தனை தடவை தெரியுமா? 228 தடவை! தேடுவதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று விதி. ஏதோ குற்ற விசாரணை என்று எழுதி வைத்தார். விஷயம் வெளியே வந்தது. அவர் வேலை போயிற்று. போலீஸ் உத்தியோகத்துக்கான சான்றிதழும் பறிபோயிற்று.

அதே மாநிலத்தில் கெச்சி என்ற ஊரில், பிரிந்து போன மனைவியின் காரை இப்படித் தேடிய ஓர் அதிகாரி 2022-ல் கைது செய்யப்பட்டார்.

அவர்கள் தேடிப் பார்த்தது, பிளாக் சேப்டி என்ற கம்பெனியின் காமிராப் பதிவுகளை. 2017-ல் அட்லாண்டா நகரில் ஆரம்பித்த கம்பெனி. கருப்புக் கம்பம். உச்சியில் சூரிய ஒளித் தகடு. மின்சாரக் கம்பி இழுக்க வேண்டியது இல்லை. அதனால் நினைத்த இடத்தில் நடலாம். வண்டியின் நிறம், மாடல், பின்னால் ஒட்டிய படம் எல்லாவற்றையும் கூட அது குறித்துக்கொள்ளும். 5,000 ஊர்களுக்கு மேல் தங்கள் காமிரா இருப்பதாகக் கம்பெனி சொல்கிறது. 30 நாளில் பதிவு தானாக அழிந்துவிடும் என்றும் சொல்கிறது.

ஓர் ஊர்ப் போலீசார் இன்னோர் ஊர்ப் பதிவையும் தேடிப் பார்க்க அதில் வழி இருக்கிறது. 2025-ம் ஆண்டு மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பெண்ணைத் தேடினார்கள். தானே மருந்து சாப்பிட்டுக் கருவைக் கலைத்துக்கொண்ட பெண். டெக்சாசில் கருக்கலைப்புக்குக் கடுமையான தடை இருக்கிறது. அந்த ஒரு பெண்ணுக்காக, நாடு முழுவதும் 83,000 காமிராக்களின் பதிவில் தேடினார்கள்! "அவள் உயிருக்கு ஆபத்து என்று வீட்டார் பயந்தார்கள், அதனால்தான் தேடினோம்" என்று அந்த மாவட்டப் போலீஸ் தலைவர் சொன்னார். கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கும் மாநிலங்களின் காமிராக்களும் அந்தத் தேடலில் இருந்தன. அந்த ஊர்க்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது.

மூன்றே நிமிடம்

இதற்கு வழியே கிடையாதா?

சில இடங்களில் வழி கண்டு இருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தின் சட்டம் ரொம்பக் கறார். நம்பரைப் படிக்கலாம். திருட்டு வண்டியா என்று பார்க்கலாம். இல்லை என்றால் 3 நிமிடத்துக்குள் அழித்துவிட வேண்டும். மூன்றே நிமிடம்!

ஜெர்மனியில் 2008-ம் ஆண்டு உயர்ந்த அரசியல் சட்டக் கோர்ட்டு, காரணம் இல்லாமல் எல்லோருடைய நம்பரையும் படிக்கக் கூடாது, பட்டியலில் இல்லாத நம்பரை உடனே அழிக்க வேண்டும் என்று தீர்ப்புக் கூறியது. அந்த நாட்டு ஜனங்கள் ரகசியப் போலீசிடம் இரண்டு தலைமுறை அவதிப்பட்டவர்கள். கோர்ட்டு வாசல் ஏறி இந்த வழக்கைப் போட்டதும் சாதாரணக் கார்க்காரர்கள்தான்.

இங்கிலாந்தில் 12 மாதம். நியூஹாம்ப்ஷயரில் 3 நிமிடம். காமிரா ஒன்றேதான்!

2025-ம் ஆண்டு அமெரிக்காவில் பல ஊர்கள் காமிரா ஒப்பந்தத்தை ரத்து செய்தன. இல்லினாய் மாநிலத்தில் சிகாகோவுக்குப் பக்கத்தில் எவன்ஸ்டன் என்று ஓர் ஊர். தங்கள் மாநிலத்துக் காமிராப் பதிவுகளை மத்திய எல்லைக் காவல் இலாகா பார்த்து இருக்கிறது என்று மாநில அதிகாரிகளின் தணிக்கையில் தெரிந்தது. மாநிலச் சட்டத்துக்கு அது விரோதம். எவன்ஸ்டன் நகரசபை, "உங்கள் காமிராக்களை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று கம்பெனிக்கு ஓலை அனுப்பியது.

கம்பெனி கழற்றியது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மறுபடியும் மாட்டியது!

நகரசபைக்குக் கோபம் வந்தது. கம்பெனிக்கு எச்சரிக்கை நோட்டீசு விட்டார்கள். கம்பெனி ஆட்கள் வரும்வரை காத்து இருக்கவும் இல்லை. நகரசபை ஊழியர்கள் கம்பம் கம்பமாகப் போய், காமிராவின் தலையில் கருப்புப் பிளாஸ்டிக் பையை மாட்டி, நாடாவைச் சுற்றி இறுக்கக் கட்டினார்கள்.